பம்ப் பழுதா, வயர் பழுதா? காசு கொடுக்கும் முன் பாருங்கள்

பழைய வாகனத்தை வைத்து வியாபாரம் செய்பவருக்கு நடுவீதியில் எஞ்சின் நின்றுபோவதைப் போன்ற தொல்லை வேறில்லை. மாங்குளம் பக்கம் சாமான் ஏற்றி இறக்கும் சகோதரர்களுக்கு இது நன்றாக விளங்கும். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஏ-9 வீதியில் இருக்கும் மாங்குளம் சந்தியிலிருந்து கிழக்கே ஏ-34 வீதி ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்குப் போகிறது. சுமார் 50 கிலோமீற்றர் தூரம். மேற்கே மல்லாவி, துணுக்காய் பக்கமாக வெள்ளாங்குளம் நோக்கி இன்னொரு வீதி. சந்தியைத் தாண்டினால் பல இடங்களில் இரு மருங்கிலும் காடுதான். அங்கே வாகனம் நின்றால், முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றி வருபவரின் ஐஸ் கரைகிறது. துணிக்காரருக்கு அன்றைய சந்தை போய்விடுகிறது. யாராவது கட்டி இழுத்துக் கராஜில் கொண்டுபோய் விட்டால் அங்கே கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நானா, பெற்றோல் பம்ப் போய்விட்டது. புதிது போட வேண்டும்."

பம்ப் போயிருக்கவும் கூடும். ஆனால் கழற்றி மூலையில் போடப்படும் மின் பம்ப்களில் பல, பெட்டரியில் நேரடியாகக் கொடுத்துப் பார்த்தால் நன்றாகவே சுற்றுகின்றன. பழுது இருந்தது பம்ப்பில் அல்ல, அதற்குப் போகும் வயரில் அல்லது அதிலிருந்து திரும்பும் எர்த்தில். மின்சார உதிரிப்பாகத்தை ஒருமுறை பூட்டிவிட்டால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கடை வழக்கம். நாமும் கடைக்காரர்கள்தானே, அதைக் குறை சொல்ல முடியாது. எனவே பரிசோதனை பணம் கொடுப்பதற்கு முன்னர் நடக்க வேண்டும்.

பழைய வாகனங்களைப் பற்றி இன்று எழுத ஒரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து வருட காலத்தில், விற்றுவிட வேண்டும் என்று இருந்த வாகனத்தையே ஒட்டித் தைத்து ஓடினோம். 20, 30 வருடம் ஓடிய வாகனத்தில் எஞ்சினை விட வயரிங்தான் முதலில் முதுமை அடைகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இங்கே சொல்வது பெற்றோல் வாகனங்களுக்குத்தான். டீசல் லொறிக்காரர்கள் இதை வைத்துக்கொண்டு தங்கள் வாகனத்தில் தேட வேண்டாம், அது வேறு கணக்கு.

மின் ஓட்டத்தை வியாபாரியின் பாஷையில் சொல்வதானால் அது கடன் கணக்கு மாதிரி. பெட்டரியிலிருந்து பம்ப்புக்குச் சரக்கு போகிறது. பம்ப்பிலிருந்து பெட்டரிக்குப் பணம் திரும்ப வேண்டும். சரக்கு போகும் வழியில் பியூஸ், இக்னிஷன் சுவிட்ச், ரிலே என்று கைமாறும் இடங்கள் உள்ளன. பணம் திரும்பும் வழிதான் எர்த். அதற்குப் பெரும்பாலும் தனி வயர் முழுத் தூரத்துக்கும் கிடையாது, வாகனத்தின் இரும்பு உடலே அந்த வழி. நம்மவர்கள் சரக்கு போகும் வழியை மட்டும் ஆராய்கிறார்கள். திரும்பும் வழி அடைபட்டிருந்தாலும் வியாபாரம் நின்றுபோகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வடகீழ்ப் பருவ மழையில் நனைந்து, செம்மண் புழுதி படிந்து, தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஸ்க்ரூவில் பிடித்திருக்கும் எர்த் வயர், துருப்பிடித்த தகட்டில் எத்தனை வருடம் ஒழுங்காக வேலை செய்யும்?

மொரிஸ் மைனரிலிருந்து தொடங்குவோம். இன்ஜெக்ஷன் வாகனங்கள் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே மின் பம்ப் வைத்திருந்த கார் அது. 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி 1970களின் தொடக்கம் வரை தயாரிக்கப்பட்டது. இலங்கையில் அதன் மீதுள்ள பிரியம் சாதாரணமானதல்ல. 1990களில் மொரிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் ஒரு கம்பனியே தொடங்கப்பட்டது. சொந்த நாட்டில் செய்வதை விட இங்கே செய்வது அவர்களுக்கு இலாபமாகப் பட்டது. யுத்த காலத்தில் வடக்கே எரிபொருளுக்குத் தடை இருந்தபோது, சிறிதளவு பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய வாகனங்களில் இத்தகைய பழைய ஆங்கிலக் கார்களும் அடக்கம்.

மைனரில் இருப்பது எஸ்.யு. கம்பனியின் பம்ப். பொனட்டைத் திறந்தால் பின் தகட்டில் தெரியும். சாவியைத் திருப்பியதும் "டிக், டிக், டிக்" என்று அடிக்கும். உள்ளே ஒரு மின்சுருள் தோல் போன்ற சவ்வை இழுக்கிறது. இழுத்து முடிந்ததும் பொயின்ட் விலகி மின்சாரம் நிற்கிறது. அப்போது ஸ்பிரிங் சவ்வைத் தள்ள, பெற்றோல் கார்பரேட்டருக்குப் போகிறது. திரும்பவும் பொயின்ட் சேர்கிறது. கார்பரேட்டரின் கிண்ணம் நிறைந்தால் தள்ள இடமில்லாமல் சத்தம் தானாக நின்றுவிடும். ஆகவே சிறிது நேரம் அடித்துவிட்டு நிற்பது நோய் அல்ல, ஆரோக்கியம். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது தாங்கிக்கும் பம்ப்புக்கும் இடையில் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. அதற்கு வயரைத் தேடிப் பிரயோசனமில்லை.

முதலிலிருந்தே ஒரு அடியும் கேட்கவில்லையா? ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பம்ப்பை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் அடிக்கத் தொடங்கினால் பொயின்ட் கருகியிருக்கிறது. மூடியைக் கழற்றி, பொயின்ட் இரண்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை விட்டு இழுத்தால் தற்காலிகமாக வீடு போய்ச் சேரலாம். தட்டியும் அசையவில்லை என்றால்தான் வயருக்கு வர வேண்டும். பம்ப்புக்கு வருவது வெள்ளை வயர். அந்தக் கால லூகாஸ் வயரிங்கில் சாவி திறந்ததும் மின்சாரம் வரும், பியூஸ் ஊடாகப் போகாத வயர்களுக்கு வெள்ளை நிறம். பியூஸ் ஊடாகப் போவது பச்சை, எர்த் கறுப்பு. பல கைகள் பட்டுவிட்ட காரில் இந்த நிறங்களை முழுவதுமாக நம்ப முடியாது என்றாலும், தேடலைத் தொடங்க இது போதும்.

மைனர்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பெட்டரியின் பிளஸ் முனைதான் உடலோடு சேர்ந்திருந்தது. இன்றைய வாகனங்களுக்கு நேர் எதிர். பின்னர் ஒல்டர்நேட்டர் பூட்டும்போது பலர் மைனஸ் எர்த்துக்கு மாற்றிவிட்டார்கள். பொயின்ட் உள்ள பழைய பம்ப்புக்கு இது பெரிய விடயமில்லை. ஆனால் பொயின்டுக்குப் பதிலாக எலக்ட்ரோனிக் முறையில் வரும் புதிய எஸ்.யு. பம்ப்களுக்குத் திசை உண்டு. மாற்றிக் கொடுத்தால் பூட்டிய கணமே போய்விடும். வாங்கும்போது "எந்த எர்த்?" என்று கேட்டு வாங்குங்கள்.

இனி நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் ஜப்பான் வாகனங்களுக்கு வருவோம். இன்ஜெக்ஷன் உள்ள கார், வேன்களில் பம்ப் தாங்கிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. பெட்டரி முன்னால், பம்ப் பின்னால். வயர் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. இடையில் ஒரு ரிலே உண்டு. ரிலே என்பது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். எஞ்சினை ஆளும் கொம்பியூட்டர் அந்த ரிலேயைத் தன் கையில் வைத்திருக்கிறது.

பல வாகனங்களில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இரண்டு மூன்று விநாடிகள் "ங்ஙீ" என்ற மெல்லிய சத்தம் பின்னாலிருந்து கேட்கும். அது கேட்டால் பம்ப்பும் வயரும் குறைந்தபட்சம் உயிரோடு இருக்கின்றன. கேட்கவில்லை என்பதற்காக உடனே முடிவு கட்டவும் கூடாது. 1980, 90களின் டொயோட்டாக்கள் பலவற்றில் எஞ்சினைச் சுற்றும்போது மட்டுமே பம்ப் ஓடும், வெறுமனே சாவி திறந்தால் ஓடாது. அவ்வாகனங்களில் பொனட்டுக்குள் ஒரு சிறிய பரிசோதனைப் பெட்டி இருக்கும். அதன் மூடியின் உட்புறத்தில் எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். "எஃப்.பி." என்ற துளையையும் "பிளஸ் பி" என்ற துளையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திறந்தால், ரிலேயின் கட்டுப்பாட்டைத் தாண்டி பம்ப் நேரடியாக ஓடும். ஓடினால் பம்ப்பும் பின்னால் போகும் வயரும் எர்த்தும் சரி, பழுது ரிலே பக்கம். ஓடவில்லையானால் பின்னால் போய்ப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. இதைத் தெரிந்த மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

ஹொண்டா சிவிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் வந்த ஹொண்டாக்களில் டேஷ்போர்டுக்குக் கீழே 'மெயின் ரிலே' என்று ஒன்று உண்டு. அதற்குள்ளே ஈயம் வைத்துப் பற்றிய முனைகள் காலப்போக்கில் மயிரிழை போல வெடித்துவிடும். காலையில் குளிரில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். பகலில் கடைக்கு முன்னால் வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் எவ்வளவு சுற்றினாலும் ஸ்டார்ட் ஆகாது. கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளே வெப்பம் தணியக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். வன்னி வெயிலுக்கு இது நன்றாகவே பொருந்தும். பம்ப் மாற்றியும் தீரவில்லை, பிளக் மாற்றியும் தீரவில்லை என்று அலைந்தவர்கள் பலர். அந்த ரிலேயைத் திறந்து ஈயத்தை மீண்டும் பற்றவைத்தால் போதும், அல்லது ரிலேயை மட்டும் மாற்றலாம்.

கைமாறி வந்த வாகனத்தில் இவற்றையெல்லாம் விட முதலில் சந்தேகிக்க வேண்டியது பின்னால் பொருத்தப்பட்ட அலாரம். திருட்டைத் தடுக்கவென்று பம்ப் வயரை நடுவில் வெட்டி அலாரத்தின் ரிலேயைக் கோர்த்திருப்பார்கள். அலாரம் செத்துப்போகும், வெட்டிய வயர் அப்படியே இருக்கும். ஒரு காலத்தில் காஸ் பொருத்தி ஓட்டிப் பிறகு கழற்றிய வாகனங்களிலும் இதே மாதிரி வெட்டி ஒட்டிய இடங்கள் இருக்கும். டேஷ்போர்டுக்குக் கீழே கறுப்பு டேப் சுற்றிய முடிச்சுகளைக் கண்டால் அங்கிருந்தே தேடுங்கள். அரிசி, மா மூட்டைகளுக்குப் பக்கத்தில் வாகனத்தை நிறுத்துபவர்கள் எலி கடித்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டாம், கடைக்காரரின் வாகனத்துக்கு இது வழமையான நோய்.

இப்போது பரிசோதனையின் உயிர்நாடிக்கு வருகிறேன். பெரும்பாலான தவறு நடப்பது இங்கேதான். மெக்கானிக் பம்ப்பின் சொக்கட்டைக் கழற்றி, வரும் வயரில் மீற்றரை வைத்து, "பாருங்கள், 12 வோல்ட் வருகிறது. மின்சாரம் சரி, பம்ப்தான் பழுது" என்கிறார். கேட்பவருக்கும் அது நியாயமாகப் படுகிறது. ஆனால் மீற்றர் எடுக்கும் மின்சாரம் மிக மிக அற்பம். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே இழையில் தொங்கும் வயர்கூட மீற்றருக்கு 12 வோல்ட்டைக் காட்டும். பம்ப் கேட்பதோ பல அம்பியர். கடனில்லாதபோது எல்லோருமே பணக்காரர்தான். கொடுக்க வேண்டிய நாளில்தான் உண்மை தெரியும். வயரும் அப்படியே. ஒரு மூட்டில் 1 ஓம் தடை இருந்தால், 5 அம்பியர் போகும்போது அந்த இடத்திலேயே 5 வோல்ட் தொலைந்துவிடும். மிஞ்சிய 7 வோல்ட்டில் பம்ப் முனகுமே தவிர அழுத்தம் கொடுக்காது.

ஆகவே சொக்கட்டைப் பூட்டியபடி, பம்ப் ஓட முயன்றுகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். முதலில் பெட்டரியின் இரு முனைகளில். பிறகு பம்ப்பின் இரு முனைகளில். உதாரணத்துக்கு பெட்டரியில் 12.4, பம்ப்பில் 10.1 என்று வைத்துக்கொள்வோம். 2.3 வோல்ட் வழியில் களவு போயிருக்கிறது. கள்வன் எந்தப் பக்கம் என்று அறிய, மீற்றரின் ஒரு முனையைப் பெட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையைப் பம்ப்பின் பிளஸ்ஸிலும் வையுங்கள். அங்கே 0.4 காட்டினால் போகும் வழி பரவாயில்லை. அடுத்து பம்ப்பின் மைனஸ்ஸிலும் பெட்டரி மைனஸ்ஸிலும் வையுங்கள். மிச்சம் 1.9 அங்கே வரும். அப்படியானால் எர்த்தைக் கழற்றி, தகட்டைப் பளிச்சென்று இரும்பு தெரியும் வரை சேண்ட் பேப்பரால் தேய்த்து, புதிய ஸ்க்ரூவும் வொஷரும் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசிவிட்டால் முடிந்தது. ஒவ்வொரு பக்கமும் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பழைய வாகனத்துக்கு நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் தேட வேண்டும். பெட்டரியிலேயே 12க்குக் கீழே விழுந்துவிட்டால் முதலில் பெட்டரியைக் கவனியுங்கள்.

மீற்றர் இல்லாத இடத்தில் சிக்னல் லைட்டின் 21 வொட் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் கட்டி வைத்துக்கொள்ளலாம். அது இரண்டு அம்பியருக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். சொக்கட்டைக் கழற்றி, அதன் இரு முனைகளுக்கும் அந்த பல்ப்பைக் கொடுங்கள். பெட்டரியில் கொடுத்தால் எரிவது போலவே பளிச்சென்று எரிந்தால் வயரில் பெரிய குறை இல்லை. மங்கினால் வயரோ எர்த்தோ பலவீனம். கடைகளில் விற்கும் எல்.ஈ.டி. பேனா டெஸ்டர் இதற்கு உதவாது. அது மீற்றரைப் போலவே அற்ப மின்சாரத்தில் எரிந்து ஏமாற்றும்.

பம்ப் உண்மையிலேயே பழுதாவதும் உண்டு. முழு வோல்ட் வந்தும் ஓடவில்லை என்றால் அதற்கு மேல் விவாதமில்லை. தாங்கிக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பது பெற்றோல்தான். எப்போதும் அடிமட்டத்தில் ஓட்டினால் அதன் ஆயுள் குறைகிறது. 2022இல் கியூ.ஆர். பங்கீட்டுக் காலத்தில் நாமெல்லோரும் அடித்துளி வரை ஓட்டினோம், வேறு வழியும் இருக்கவில்லை. தேய்ந்த பம்ப் வழமையை விட அதிக மின்சாரத்தை இழுத்துத் தன் சொக்கட்டையும் கருக்கிவிடும். சொக்கட் உருகி நிறம் மாறியிருந்தால் பம்ப்போடு சேர்த்து அதையும் மாற்றாமல் விடாதீர்கள். கருகிய சொக்கட்டில் புதிய பம்ப்பைப் பூட்டுவதனால்தான் சில மாதங்களில் அதே கதை திரும்ப வருகிறது.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாக வாசிக்க வேண்டும். பழுது பிடிபடாதபோது சிலர் பெட்டரியிலிருந்து பம்ப்புக்கு நேராக ஒரு வயரை இழுத்து, நடுவில் ஒரு சுவிட்ச்சைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வாகனம் ஓடுகிறது. செலவும் குறைவு. வாடிக்கையாளரும் சந்தோஷப்படுகிறார். இன்ஜெக்ஷன் வாகனத்தில் கொம்பியூட்டர் ஏன் அந்த ரிலேயை வைத்திருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. எஞ்சின் சுற்றுவது நின்றால் பம்ப்பும் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அது. ஏ-9 வீதியில் இரவில் கட்டாக்காலி மாட்டில் மோதியோ, நின்ற லொறியின் பின்னால் அடித்தோ பெற்றோல் குழாய் உடைந்தால், ஒழுங்கான வயரிங் உள்ள வாகனத்தில் எஞ்சின் நின்றதும் பெற்றோலும் நிற்கும். நேரடி வயர் இழுத்த வாகனத்தில் பம்ப் தொடர்ந்து அழுத்தத்தோடு பெற்றோலைச் சூடான எஞ்சின் மீது பீய்ச்சும். உள்ளே இருப்பவர் காலை எடுக்கப் போராடிக்கொண்டிருப்பார். சுவிட்ச்சை யார் அணைப்பது? அந்த வயரில் பியூஸ்கூட இல்லை என்றால், ஓரிடத்தில் தோல் தேய்ந்து இரும்பில் பட்டாலே மோதல் இல்லாமலும் தீப்பிடிக்கும். எரிந்த பியூஸுக்குப் பதிலாகச் சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் இதே ரகம். வீதியோரத்திலிருந்து கராஜ் வரை போய்ச் சேர நேரடி வயர் உதவலாம், அதுவும் பியூஸுடன். மறுநாளும் அப்படியே சாமானும் பிள்ளைகளும் ஏற்றி ஓடக் கூடாது. கராஜில் "நேராகக் கொடுத்திருக்கிறேன்" என்று சொன்னால் பணம் கொடுக்கும் முன் ரிலே ஊடாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வயரையே மாற்ற நேர்ந்தால் வாகன வயராக வாங்குங்கள். பின்னால் வரை போகும் நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் பருமன் நல்லது. ஸ்பீக்கர் வயர், மணி அடிக்கும் வயர் எல்லாம் இதற்கு ஆகாது. பழைய செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் களிம்பு இல்லாத இடம் வரை வெட்டிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பு அல்ல. ஈயம் வையுங்கள், அல்லது நல்ல கிளிப் போட்டு நசுக்குங்கள். தாங்கிக்குப் பக்கத்தில் ஈயம் வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அங்கே வேலை தொடங்குமுன் பெட்டரியின் எர்த்தைக் கழற்றிவிட்டு, கதவுகளைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும். வயரை உடலில் தட்டிப் பொறி பறக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் சில பழைய கைகளிடம் இன்னும் இருக்கிறது. பெற்றோல் ஆவி நிற்கும் இடத்தில் அது என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. பக்கத்தில் தூள் அடைத்த தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். பெற்றோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மெக்கானிக்கோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. அவரிடம் "பம்ப் ஓடும்போது அதன் இரு முனையிலும் எத்தனை வோல்ட்?" என்று மட்டும் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் சந்தோஷமாக அளந்து காட்டுவார். பம்ப்தான் என்று உறுதியானால் கழற்றிய பழையதைக் கையில் வாங்கி, பெற்றோல் நன்றாகக் காய்ந்த பிறகு தூர வைத்துப் பெட்டரியில் ஒரு விநாடி கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் வாகனத்தை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பம்ப் சொக்கட்டையும், ரிலேயையும், புதிதாகப் போட்ட ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு எங்கே இருக்கிறதோ அந்த இணைப்பை அன்றைக்கே பிரித்து மறுபடியும் செய்விக்க வேண்டும்.